ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை

செப்டம்பர் 1, ஞாயிறு

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. போன வாரம் வந்து பார்த்த பிளம்பர் "இனி ஒரு சொட்டு விழாது" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார். இப்போது சொட்டுவதில்லை, ஊற்றுகிறது.

பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல் தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். ஒரே வார்த்தை: "எத்தனை?"

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "9 – 14".

போன வாரம் அவன் கடையில் எங்கள் கம்பெனியின் கேம் கன்சோல் ஒன்பது, எதிர்க் கம்பெனியின் கன்சோல் பதினான்கு விற்றிருக்கிறது. பச்சை நோட்டில் குறித்துக்கொண்டேன். மூன்று வருடமாக ஒரு ஞாயிறு விடாமல் குறிக்கிறேன். எங்கள் விலைப் பிரிவுக்குக் கட்டுக் கட்டாக அறிக்கை வரும், வண்ணப் படங்களோடு. அவை சொல்வதை இந்த நோட்டு இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லிவிடும். அவன் கடை இருக்கும் சந்தில் மொத்தம் பதினோரு கேம் கடைகள். அங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ, ஊரிலும் அந்தப் பக்கம்தான் அடிக்கும்.

எங்கள் கன்சோல் பெட்டி 399. அவர்களுடையது 379. அந்த இருபதுதான் எங்களைப் படுத்துகிறது.

செப்டம்பர் 4, புதன்

கதவைச் சாத்திக் கூட்டம். உள்ளே போகும்போதே செல்போன்களை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போடச் சொன்னார்கள். டைரக்டர், கணக்குப் பிரிவுக்காரர், விளம்பரப் பிரிவுப் பெண், கம்பெனி வக்கீலம்மா, நான். ஐந்தே பேர்.

அக்டோபர் 10, வியாழன். அன்று விலையைக் குறைக்கிறோம். 399 இல்லை, 349கூட இல்லை. 299!

ஒரு பெட்டிக்கு அறுபது நஷ்டம். ஒரு கேம் விற்றால் எங்கள் பங்கு பன்னிரண்டு. பெட்டி வாங்கிய வீட்டில் ஐந்து கேம் வாங்கினால்தான் கையைச் சுட்டுக்கொள்ளாமல் தப்புவோம். வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவளே நான்தான். ஆறு மாத உழைப்பு. டைரக்டர் "சரி" என்றபோதுதான் பேனாவை மூடினேன்.

இந்தத் தொழிலில் விலையை முன்கூட்டி வாய்விட்டவன் கெட்டான். நாங்கள் 299 என்று தெரிந்தால் அவர்கள் அதற்கு முன்பே 299 என்பார்கள். அப்புறம் நாங்கள் இன்னும் கீழே போக வேண்டும். அதனால் மேடையில் காட்டப்போகும் படத்தில்கூட விலை இருக்க வேண்டிய இடம் காலி. டைரக்டர் மேடையேறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் எண்ணை அடிப்பார்கள். கடைகளுக்கான ஸ்டிக்கர் மூன்று விலையில் அச்சாகும். இரண்டைக் கிழித்துப் போடுவோம். எது உண்மையான விலை என்று அச்சகத்துக்கும் தெரியாது.

வெளியே சொல்ல மாட்டோம் என்று ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்து கொஞ்சம் ஆடியிருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

இப்போது தெரிகிறது.

மதியம் தம்பி வீட்டில் சாப்பாடு. ஆள் ஏக உற்சாகம். கடையை ஒட்டிய பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்துவிட்டானாம். பள்ளி விடுமுறை வருகிறது, எதிர்க் கம்பெனியின் சரக்கு இந்தத் தடவை தட்டுப்பாடு, அதனால் எங்கள் பெட்டியை மொத்தமாக வாங்கி அடுக்கப் போகிறான்.

"எண்பது பெட்டி, அக்கா. எண்பதா எடுத்தா மொத்த வியாபாரி ஒண்ணு முன்னூத்தி எண்பதுக்குத் தர்றேங்கறார். இருவத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள்ள ஆர்டர் போட்டா போதும்."

380 கொடுத்து வாங்கியதை இரண்டு வாரம் கழித்து 299க்கு விற்பான். எண்பது பெட்டி! பக்கத்து அறை என்ன, இருக்கிற கடையே மிஞ்சாது. பெரிய கடைகளுக்குக் கவலையில்லை. அவர்கள் எங்களிடம் நேராக வாங்குபவர்கள், விலை குறைந்தால் வித்தியாசத்தை நாங்களே திருப்பிக் கொடுத்துவிடுவோம். சந்துக் கடைகள் மொத்த வியாபாரியிடம் வாங்குகின்றன. அவர்களுக்கு ஒன்றும் கிடையாது.

"அண்ணி, என்ன கொறிச்சிட்டு இருக்கீங்க? நல்லா இல்லையா?" என்றாள் தம்பி மனைவி.

"ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.

இன்று "எத்தனை?" கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? அவன் தலையில் கல்லைத் தூக்கிப் போடுவதற்கு நாளும் குறித்துவிட்டு, அதற்கு அவனிடமே தகவலும் கேட்பதா? அவனிடம் சொல்லக் கூடாது என்பது கம்பெனி விதி. அவனிடம் கேட்கக் கூடாது என்பது என் விதி. அந்த மட்டிலாவது நியாயமாக இருப்போமே.

செப்டம்பர் 9, திங்கள்

குழாய் சரியாகிவிட்டது. வேறெதுவும் இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

மறுபடி அந்த ஐவர் கூட்டம். சிறிய கடைகளுக்கும் விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பேசினேன். கடந்த நாற்பது நாளில் வாங்கிய சரக்குக்கு மட்டும், பில் காட்டினால் போதும் என்றேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

டைரக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "நூத்துக்கணக்கான சந்துக் கடைக்கு யாரும்மா பில் பாக்கறது?" பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க தம்பி கடை வச்சிருக்கார் இல்ல?"

வேலைக்குச் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்த விஷயம்தான். ஒளிவு மறைவு இல்லை. ஆனாலும் முகம் சூடாகிவிட்டது. மற்ற மூன்று பேரும் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

நான் கேட்டது நியாயத்துக்காகவா, தம்பிக்காகவா? தம்பி இல்லாவிட்டால் கேட்டிருப்பேனா? பதில் தெரியவில்லை. தெரியாததுதான் எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

பன்னிரண்டு மணி வந்தது. போனது. போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் துடைத்தேன். இவ்வளவு சுத்தமாக இந்த வீடு இருந்ததே இல்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

அவனே கூப்பிட்டான்.

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வேலைடா. தலைக்கு மேல வேலை."

"ஓ." பின்னால் கடையில் யாரோ விளையாடும் சத்தம், வெடிச் சத்தம், சிரிப்பு. "வெள்ளிக்கிழமை ஆர்டர் போட்டுடறேன். எண்பது."

"சரி."

"சரியா?"

"சரி."

வைத்துவிட்டான்.

அந்த இரண்டு 'சரி'யைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 'கொஞ்சம் பொறு' என்று இரண்டு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவன் பிழைத்தான். நான் என் முகத்தில் நானே முழித்திருக்க முடியாது. சொல்லாததால் மட்டும் முழிக்க முடிகிறதா?

யாரிடம் கேட்பேன் இதையெல்லாம். தனி ஆளாக இருப்பதில் இது ஒரு வசதி, யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை. உன்னிடம் மட்டும்தான் பேச்சு, டைரியே. நீயும் "ம்" கொட்டுவதில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

ஸ்டிக்கர் சுருள்கள் வந்துவிட்டன. 349, 329, 299. அச்சகத்திலிருந்து தன் வண்டியில் கொண்டுவந்தவர் தோள்பைக்காரர். சந்துப் பக்கத்து விற்பனையைப் பார்ப்பவர், தூங்கும்போதும் அந்தப் பையைக் கழற்ற மாட்டார் என்று கிண்டல் செய்வோம். "மேடம், மூணுல எது?" என்று கண்ணடித்தார். "நாலாவது" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

இன்றைக்குத்தான் தம்பி ஆர்டர் போடுவான். மணி மூன்று ஆனபோது, போட்டிருப்பான் என்று நினைத்தேன். நாலு ஆனபோதும் அதையேதான் நினைத்தேன். ஒரே கூட்டலை ஐந்து தடவை தப்பாகப் போட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

போடவில்லை!

அவன் மட்டுமில்லை. தோள்பைக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "மேடம், சந்துல பதினோரு கடை. பதினொண்ணும் ஒரு பெட்டிகூட எடுக்கல. மொத்த வியாபாரி என்னை வறுத்து எடுக்கறார். லீவு வர நேரத்துல இது என்ன கூத்து?"

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். தம்பி தப்பித்துவிட்டான், கடை தப்பித்துவிட்டது.

முகம் கழுவும்போதுதான் உறைத்தது. எப்படி? பதினோரு பேருக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 3, வியாழன்

காலை ஒன்பது மணி. எதிர்க் கம்பெனி விலையைக் குறைத்துவிட்டது. 379லிருந்து 299.

எங்கள் எண். எங்களுக்கு ஒரு வாரம் முன்பு.

அலுவலகத்தில் ஒருவரும் உட்காரவில்லை. விளம்பரப் பெண் காலி இடம் விட்ட அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெறித்துக்கொண்டிருந்தாள். இனி 299 சொன்னால் காப்பியடித்த மாதிரி இருக்கும். 279க்குப் போக வேண்டும். பெட்டிக்கு எண்பது நஷ்டம். ஐந்து கேம் போதாது, ஏழு வேண்டும். ஏழு கேம் யார் வாங்குவார்கள்? இதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

டைரக்டர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "யாரோ வாயைத் திறந்திருக்காங்க."

அக்டோபர் 4, வெள்ளி

ஐந்து பேரின் போனும் வக்கீலம்மா முன்னால். தன்னுடையதையும் வைத்திருந்தார், அதை டைரக்டர் பார்த்தார். என் முறை வந்தபோது தம்பியோடு நடந்த செய்திப் பரிமாற்றத்தைத் திறந்தார். விரலால் தள்ளிக்கொண்டே போனார். எத்தனை? 9 – 14. எத்தனை? 11 – 12. எத்தனை? 7 – 15. கீழே கீழே கீழே, மூன்று வருடம்.

"என்ன இது, மேட்ச் ஸ்கோரா?"

சொன்னேன். சிரித்தார். செப்டம்பர் நாலுக்குப் பிறகு ஒரு செய்திகூட இல்லை என்று குறித்துக்கொண்டார். "உங்க போன் சுத்தம். இவ்வளவு சுத்தமா யாரும் இருந்ததில்ல."

போனைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். திரையில் கடைசி வரி: செப்டம்பர் 1. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வக்கீலம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அக்டோபர் 5, சனி

சந்துக்குப் போனேன். தம்பி கடையில் இரண்டு பேர் பெரிய டிவிக்கு முன்னால் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவன் ஈரத் துணியால் கன்ட்ரோலர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"யார் சொன்னா உனக்கு?"

"நீதான்."

"நான் ஒரு வார்த்தை சொல்லலடா!"

"அதான் சொல்றேன்." ஒரு கன்ட்ரோலரை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். "மூணு வருஷம். ஆபரேஷன் பண்ணி ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட 'எத்தனை'ன்னு கேட்டவ நீ. திடீர்னு மூணு ஞாயிறு கேக்கல. எங்க வீட்ல உக்காந்து சாப்பிட்டுட்டுக்கூட கேக்கல. எண்பது பெட்டின்னு சொல்றேன், சரிங்கற. நீ எப்ப எதுக்கு சரின்னு சொல்லியிருக்க?"

நான் ஒரு கன்ட்ரோலரை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தேன்.

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. பக்கத்துக் கடைக்காரர் கேட்டார், இந்தத் தடவை எத்தனை எடுக்கறேன்னு. எடுக்கலன்னேன். அவ்வளவுதான். அவரும் எடுக்கல. அவரைப் பாத்து அடுத்தவர். எதிர்க் கம்பெனி ஆள் தினமும் சாயங்காலம் இங்கதான் காபி குடிக்கறார். அவருக்கு மூக்குல வேர்க்காதா? உங்க விலை குறையப் போகுதுன்னு மோப்பம் பிடிச்சா, முன்னூறுக்குக் கீழதான்னு கணக்குப் போட எவ்வளவு நேரம்?"

இவ்வளவுதான் நடந்தது. இரகசியத்தை யாரும் விற்கவில்லை. நான் நியாயமாக இருப்பதாக நினைத்துப் பொத்தி வைத்த வாய்தான் ஊருக்கே ஒலிபெருக்கி வைத்துவிட்டது.

கிளம்பத் திரும்பினேன். "அக்கா" என்றான். இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"நான் கண்டுபிடிக்கலைன்னா, நீ சொல்லியிருக்க மாட்ட. இல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். "மாட்டேன்" என்றேன்.

"எண்பது பெட்டிக்கா."

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டேதான் எங்க வீட்ல சாப்பிட்டிருக்க."

ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். அவன் அந்தப் பக்கம் போய்விட்டான். வந்தவர் இரண்டு கன்சோலில் எது நல்லது என்று கேட்டார். தம்பி எதிர்க் கம்பெனிப் பெட்டியை எடுத்துக் காட்டினான். விலை அப்படி. வேறென்ன காட்டுவான்.

அக்டோபர் 7, திங்கள்

தோள்பைக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். சந்துக்குத் தினமும் போகிறவர், ஸ்டிக்கர் சுருளை வண்டியில் ஏற்றி வந்தவர். போதாதா?

லிஃப்ட் வாசலில் நின்றிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை இல்லை, தோளில் பை மட்டும். "மேடம், மூணுல எதுன்னே எனக்குத் தெரியாதே. உங்ககிட்டகூட கேட்டேனே, நீங்க நாலாவதுன்னீங்களே." அந்த நகைச்சுவையைச் சாட்சியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

லிஃப்ட் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.

ஏறிக்கொண்டேன்!

அக்டோபர் 8, செவ்வாய்

கேட்காமல் இருந்தது குற்றமா? எந்தக் காகிதத்தில் அப்படி எழுதியிருக்கிறது? நான் போட்ட கையெழுத்துக்கு நான் துரோகம் செய்யவில்லை. என் போன் சுத்தம், வக்கீலம்மாவே சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது.

வாயை மூடிக்கொண்டு இருந்ததில் இதுவரை நடந்தது போதாதாடி உனக்கு?

அக்டோபர் 9, புதன்

சொல்லிவிட்டேன். டைரக்டர் அறையில், வக்கீலம்மாவும் இருந்தார். போனை மேசையில் வைத்து அந்த வெள்ளை இடத்தைக் காட்டினேன். வக்கீலம்மா தேதிகளை எண்ணினார். கூட்டம் நாலாம் தேதி. எட்டு, பதினைந்து, இருபத்திரண்டு.

"குற்றம்னு எழுதணும்னா இதுக்கு என்ன பேர் எழுதறது?" என்று தனக்குள் முணுமுணுத்தார்.

டைரக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வழக்கம்போல கேட்டுட்டே இருந்திருக்கலாமேம்மா. ஒத்த வார்த்தை. கேட்டிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது."

உண்மைதான். கொஞ்சம் நடித்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும். தம்பி எண்பது பெட்டியோடு மூழ்கியிருப்பான். நான் நேர்மையானவள் என்று பெயர் வாங்கியிருப்பேன்.

தோள்பைக்காரரைத் திங்கட்கிழமை வரச் சொல்லி என் முன்னாலேயே போன் செய்தார்கள். என்னை நாளை நிகழ்ச்சிக்கு வர வேண்டாம் என்றார்கள்.

அக்டோபர் 10, வியாழன்

279. வீட்டில் டிவியில் பார்த்தேன். எண் திரையில் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்டோபர் 16, புதன்

பழுதுபார்க்கும் பிரிவு, தரைத்தளம். வேலையை விட்டு அனுப்பவில்லை, விலை பக்கமே வராதபடி இறக்கிவிட்டார்கள். சம்பளமும் இறங்கிவிட்டது.

ஜன்னல் இல்லை. வரும் பெட்டிகளைத் திறந்தால் தூசி, கரப்பான், காசு, ஒருமுறை பாதி பிஸ்கட். இன்று ஒருவர் எதிர்க் கம்பெனியின் பெட்டியை எங்களுக்கே அனுப்பி, ஏன் ஓடவில்லை என்று நாலு பக்கம் திட்டிக் கடிதம் வைத்திருந்தார். வெகுநாள் கழித்துச் சிரித்தேன்.

போகிற வழியில் தோள்பைக்காரர் எட்டிப் பார்த்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். நன்றியா, கோபமா, தெரியவில்லை. இரண்டுக்கும் அவருக்கு உரிமை உண்டு.

அக்டோபர் 27, ஞாயிறு

பன்னிரண்டு மணிக்குப் போனைப் பார்த்தேன். ஒரு மணிக்கும் பார்த்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

தம்பி மனைவி கூப்பிட்டாள். பக்கத்து அறையைத் திறந்துவிட்டார்களாம். 279க்கு எங்கள் பெட்டி நன்றாகப் போகிறதாம். "உங்க பேரை எடுத்தாலே எழுந்து வெளியே போயிடறார், அண்ணி. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாத" என்றேன். வேறு என்ன சொல்வது. அவன் கோபம் நியாயம். கடை பிழைத்தது என் புண்ணியத்தில் இல்லை, என்னை மீறி.

நவம்பர் 24, ஞாயிறு

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் ஒரு தடவை அதிர்ந்தது.

"22 – 17"

தம்பி. அவ்வளவுதான், வேறு ஒரு எழுத்து இல்லை. ஈரக் கையோடு அப்படியே நின்றேன். எங்களுடையது இருபத்திரண்டு! நான் இன்னும் விலைப் பிரிவில் இருந்திருந்தால் இந்த எண்ணுக்குத் துள்ளிக் குதித்திருப்பேன்.

"நான் இப்ப அந்த வேலையில இல்லடா. இது எனக்கு எதுக்கு?" என்று அனுப்பினேன்.

அவன் தட்டச்சு செய்வது தெரிந்தது. நின்றது. மறுபடி தெரிந்தது.

"அதுக்காகத்தான் கேட்டியா இத்தனை வருஷமும்?"

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம் இருக்கும். பிறகு "இல்லடா" என்று அனுப்பினேன்.

பச்சை நோட்டு சமையலறை இழுப்பறையில் கிடந்தது. எடுத்து வந்தேன். 9 – 14க்குப் பிறகு பதினோரு ஞாயிறுகள் காலி. அத்தனைக்கும் ஒரு கோடு போட்டுவிட்டு 22 – 17 என்று எழுதினேன். இதை வைத்து இனி எந்த விலையும் மாறாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியையும் அதற்குக் கீழே எழுதி வைத்தேன்.